நிழலில் ஒரு தகடு

காற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. நம் கடலோர ஊர்களில் ஒரு புழுக்கமான இரவு, வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். பன்னிரண்டுக்குப் பதிமூன்றடி அறை ஒன்றில் நிற்கும் காற்றில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்! பாலைவனத்து மதியத்தில், 40 டிகிரியில் 15 சதவீதம் என்றாலும் கன மீட்டருக்கு ஏழெட்டு கிராம் உண்டு. அதைப் பிடிக்கும் பெட்டிகளைச் செய்வதுதான் என் வேலை.

பார்க்க வருகிறவர்கள் பலரும் கேட்பது இது: “சார், ஒரு குழாயை மண்ணில் புதைத்துக் காற்றை ஊதினால் குளிர்ந்து சொட்டாதா?” நம் கடற்கரையில் சொட்டாது. ஓராள் ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே, 28 டிகிரி அளவில் நிற்கும். ஈரம் துளியாகத் தொடங்கும் பனிநிலையோ, எவ்வளவு புழுங்கினாலும் பெரும்பாலும் 25ஐச் சுற்றித்தான். சோலார் பேனல் வைத்து கம்ப்ரஸரால் குளிரவைக்கலாம். லிட்டருக்கு அரை யூனிட் அளவில் மின்சாரம் கேட்கும், கேஸ் கசிந்தால் அதோடு நின்றுவிடும். உயிரை நம்பி ஒப்படைக்கும் கருவியில் ஓடும் உறுப்பே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆகவே சிலிக்கா ஜெல். ராத்திரி முழுக்கப் பெட்டியைத் திறந்து போட்டால் தட்டில் பரப்பிய ஜெல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் கண்ணாடியை மூடிவிட்டால் வெயிலில் உள்ளே 80 டிகிரி வரை ஏறும், ஜெல் ஈரத்தைக் கக்கும். அந்தச் சிறு இடத்துக்குள் ஆவி அடர்ந்து, பெட்டிக்குள் பனிநிலை 45, 50 டிகிரிக்குப் போய்விடுகிறது. அப்போது 35 டிகிரியில் நிழலில் இருக்கும் சாதாரண அலுமினியத் தகடே போதுமான குளிர்ச்சி. குளிரைத் தேடிப் போகாமல் பனிநிலையை நம்மிடம் ஏற்றிக் கொண்டுவரும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

புதிதாகச் செய்கிறவர்கள் கவனமெல்லாம் சூடேற்றுவதில் வைப்பார்கள். சூடு தானாக வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஆவி துளியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை இறக்கி வைக்கிறது; அது வெளியேற வழி இல்லாவிட்டால் ஆவி ஆவியாகவே நிற்கும். மேல்கண்ணாடியிலேயே துளி பிடிக்க விட்டால் கண்ணாடி ஜெல்லின் சூட்டில் காய்கிறது, துளிகள் வெயிலையும் மறிக்கின்றன. தகடு பெட்டியின் முதுகில், நிழலில், காற்று தடவும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியைவிட அந்தத் தகட்டுக்கு நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

நீல ஜெல் வேண்டவே வேண்டாம்; அந்த நிறம் கோபால்ட் குளோரைடு, நஞ்சு. நிறம் சேர்க்காத வெள்ளையே குடிநீருக்கு ஆகும். கால்சியம் குளோரைடு மலிவு, ஈரத்தையும் நிறைய குடிக்கும், ஆனால் கரைந்து உப்புநீராக வழிந்து தகரத்தை அரித்துவிடும். புதுப் பெயிண்டும் சீலன்டும் தண்ணீரில் வாடையை இறக்கும். பெட்டியைச் சில நாள் வெறுமனே வெயிலில் வேகவிட வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பெட்டி நல்ல வெயிலில் ஒரு லிட்டருக்கு முன்பின் தரும். ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். பக்கத்தில் கடலோ உவர்நீரோ இருந்தால் அதே பரப்பில் கண்ணாடி மூடிய சூரிய வடிகலம் இரண்டு, மூன்று லிட்டர் கொடுக்கும், அதையே செய்யுங்கள். மண்ணில் ஈரம் இருந்தாலும் வழி உண்டு. குழி தோண்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மண்ணிலும் செடியிலும் இருக்கும் ஈரத்தை வடிக்கும் முறையை 1965இல் ஜாக்ஸன், வான் பேவல் இருவரும் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். இவை எதுவுமே இல்லாத இடத்துக்குத்தான் காற்றுப் பெட்டி.

அம்மானில், தண்ணீர் அளந்து வந்த வீட்டில் வளர்ந்த ஒமர் யாகி, உலோகமும் கரிமமும் கோத்த நுண்துளைப் பொருள்களுக்காக 2025இல் மேலும் இருவரோடு வேதியியல் நோபல் பெற்றார். அவற்றில் அலுமினியத்தால் ஆன ‘மாஃப்-303’ வறண்ட காற்றிலும் ஈரத்தைப் பிடிக்கிறது, குறைந்த சூட்டிலேயே விட்டும்விடுகிறது. ஒரே நாளில் பல சுற்று ஓட்டலாம். கிலோ கணக்கில் நாம் வாங்கும் விலைக்கு அது வந்தால் தட்டில் கிடக்கும் குருணையை மட்டும் மாற்றிக்கொள்வேன். கண்ணாடியும் தகடும் நிழலும் அப்போதும் இவையேதான்.