பத்துக்கு எத்தனை?

சனிக்கிழமை ராத்திரி மெஸ்ஸில் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஹாஸ்டல் ரூமில் ஒரு சின்ன நீதிமன்றம் கூடும். ஒரு லேப்டாப், நாலு பேர், கிழித்த நோட்டுத்தாள். பழைய ராக் வீடியோ ஒன்று ஓடும். முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று எழுதிக் காட்ட வேண்டும். காமர்ஸ் பசங்க இல்லையா, சராசரி போட்டுத்தான் தீர்ப்பு!

ஒரு உண்மையைச் சொல்லி விடுகிறேன். ஆரம்பத்தில் நான் போட்ட மார்க் எல்லாம் காப்பி. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். பாட்டில் பாதி வார்த்தை புரியாது. பக்கத்துத் தாளை ஓரக்கண்ணால் பார்த்து, அரை மார்க் கூட்டியோ குறைத்தோ எழுதி விடுவேன். பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' (1986), 9. அந்த மனுஷன் 16 மணி நேரம் கண்ணாடிக்குக் கீழே படுத்துக் கிடந்து எடுத்ததாம். குயினின் 'போஹீமியன் ராப்சடி' (1975), 8.5.

போன வாரம் பாப் டிலனின் 'சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்'. 1965-ல் லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எடுத்தது. கறுப்பு வெள்ளை. செட் கிடையாது, டான்ஸ் கிடையாது. பாட்டின் வார்த்தைகளை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போடுகிறார், அவ்வளவுதான். அதிலும் சில இடங்களில் வேண்டுமென்றே ஸ்பெல்லிங் தப்பு!

மற்ற மூவரும் 4, 5, 4. "இதெல்லாம் ஒரு வீடியோவாடா?"

நான் 9 போட்டேன். ஏன்டா என்று மடக்கினார்கள். ஸ்பெல்லிங் தப்பாகி விடுமோ என்று பயந்தே போர்டு பக்கம் போகாதவன் நான். தப்பான ஸ்பெல்லிங்கை உலகத்துக்கே தூக்கிக் காட்டும் ஒருத்தரைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? அதையும் சொல்லி விட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சராசரி 5.5. தோற்றுத்தான் போனேன். ஆனால் அந்த 9 நானே போட்டது.