செம்பனையும் ரப்பர்க் குழாயும்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் எந்தையாரை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. எமது பழைய டீசல் வேன் சுங்கை சிப்புட்டைத் தாண்டியதும் இருமுறை இருமி நின்றுவிட்டது. பட்டறைக்காரர் எண்ணெய்க் குழாயைக் கழற்றி என் கையிற் கொடுத்தார். அது ஊறிப் பருத்து, அழுத்தியவிடத்துக் குழிந்தது.

"பழைய ரப்பர், கிராணி. இப்போது வரும் டீசலிற் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது, அது இதற்கு ஆகாது" என்றார். குழாயின் வயதும் குற்றத்திற் பங்குடையதே. அதை யான் மறுக்கவில்லை.

எந்தையார் நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். யானோ, அம்மரங்களை வீழ்த்தி நட்ட செம்பனையின் குலைக்கணக்கை எழுதி ஊதியம் பெறுபவன். அவர் குழாயை வாங்கி மோந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மலேசியாவில் இக்கலப்பு 2011-இல் நூற்றுக்கு 5 பங்காகத் தொடங்கி, 2019-இல் 10 பங்காயிற்று. செம்பனை எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்திக் கிளிசரினைப் பிரித்துவிட்டால் எஞ்சுவதே இவ்வெரிபொருள். இந்தியாவிலோ, கரும்பினின்றும் தானியங்களினின்றும் வடித்த எத்தனாலைப் பெட்ரோலிற் கலக்கிறார்கள். 2025-இல் அது 20 பங்கை எட்டியது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு, நீரையும் ஈர்க்கும். ஆதலின் வண்டி ஓடும் தூரம் குறைந்ததென்று அங்குள்ளோர் முறையிடுவதை வெறும் புரளியென்று தள்ளலாகாது. செம்பனையில் இக்குறை சிறிதே. ஆனால் அது குளிரில் உறையத் தொடங்கும். கலப்பு மிகுந்தால் கேமரன் மலையேறும் லாரிகளுக்குத் தொல்லை.

பின் எதற்குக் கலப்பு? செம்பனை விலை விழும்போது, உள்நாட்டிலேயே எரிக்க வழியிருந்தால் அவ்விலைக்கு ஒரு முட்டுக் கிடைக்கிறது. விலை சரிந்தால் முதலில் வெட்டுப்படுவது வேலையாளின் ஓவர்டைம். அதைப் பேரேட்டில் அடித்தெழுதும் கை என்னுடையது. ஆகவே கலப்பே வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனினும் 2022-இல் சமையல் எண்ணெய் விலையேறி, இந்தோனேசியா சில வாரம் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியையே நிறுத்தியபோது, அடுப்புக்குரியதை எஞ்சினில் ஊற்றுகிறோமே என்று நெஞ்சு உறுத்தியதும் உண்மை.

மற்றொன்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது ஆள்தேவை குறைந்து, எத்தனை குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கின! அவர்களிடமிருப்பதும் பழைய வண்டிகளே. புதுவண்டிக்காரனுக்கு இக்கலப்பு செய்தி. இவர்களுக்கோ குழாய்ச் செலவு. கலப்பின் அளவை உயர்த்துவோர் இச்செலவையும் கணக்கிற் சேர்த்தாலென்ன?

பட்டறைக்காரர் புதுக்குழாய் பூட்டினார். செயற்கை ரப்பராம், எவ்வெண்ணெய்க்கும் ஈடுகொடுக்குமாம்.

"இதிலே நம் மரத்துப் பால் இல்லையா, தம்பி?" என்று கேட்டார் எந்தையார்.

"இல்லையப்பா" என்றேன்.

ஈப்போ சேர்ந்தபோது டாக்டர் போய்விட்டிருந்தார். அடுத்த வாரத்துக்குத் தவணை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.