தெரிகிறது, கேட்கிறது

'கேன் என்றால் முடியும்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்துவதுதான் வழக்கம். 'ஐ கேன் ஸ்விம்' வரைக்கும் அது சரி. 'ஐ கேன் சீ தி ஹில்' வந்ததும், 'என்னால் மலையைப் பார்க்க முடியும்' என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். ஜவ்வாது மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அப்படியா பேசும்? 'மலை தெரியுது சார்' என்றுதானே சொல்லும்!

அதனால் இந்தப் பாடத்தில் 'முடியும்' என்பதைத் தள்ளி வைத்துவிடுகிறேன். கண்ணை மூடச் சொல்லி, என்ன கேட்கிறது என்று கேட்பேன். "ஓடைத் தண்ணி சத்தம் கேக்குது சார்." "பஸ் ஏறி வருது சார்." சமையற்கூடத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு சாம்பார் வாசம். 'ஐ கேன் ஹியர் தி ஸ்ட்ரீம்', 'ஐ கேன் ஹியர் எ பஸ்', 'ஐ கேன் ஸ்மெல் சாம்பார்' என்று அவர்கள் வாயாலேயே வந்துவிடும். 'ஐ ஆம் ஹியரிங்' என்ற பழக்கமும் மெல்ல விட்டுப்போகிறது. தானாகக் காதில் விழுவதற்கு ஆங்கிலம் பெரும்பாலும் 'இங்' சேர்ப்பதில்லை. அந்த இடத்தில்தான் 'கேன்' வந்து நிற்கிறது. நாமாகக் காதுகொடுத்தால் அது 'லிசன்'. அங்கே 'ஐ ஆம் லிசனிங்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

இறந்தகாலம்தான் கடினம். 'குட் சீ' எங்கே, 'ஸா' எங்கே? இதற்கு எனக்குக் கைகொடுப்பது இதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கவிருந்த இரவு, அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியில் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். கோள் நெருங்கி மறைக்கும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென மங்கி, சில நொடிகளில் மீண்டது. இடையில் வந்து ஒளியை மறைத்தது ஒரு வளையம். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்ததில் காவலூர்ப் பதிவுக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு பிள்ளையும் அசைவதில்லை. தங்கள் மலை அல்லவா!

அன்றிரவு ஒளி மங்கும்வரை நட்சத்திரம் தெரிந்தபடியே இருந்தது: 'தே குட் சீ தி ஸ்டார்.' ஒளி திடுமென மங்கியதோ ஒரு நிகழ்ச்சி: 'தே ஸா இட் ஃபேட்.' நீடித்துத் தெரிந்ததற்கு 'குட்', சட்டென்று கண்ணில் பட்டதற்கு 'ஸா'. விதியை நான் சொல்வதற்குள் பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்போ ராத்திரி யானை கத்தினது 'ஹியர்ட்', விடியவிடிய மழை பெஞ்சது 'குட் ஹியர்', சரியா சார்?"

சரி என்றேன். இரண்டையும் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.