சிங்கப்பூரின் சாப்பாட்டு மேசைகள் சொல்லும் கணக்கு

சிங்கப்பூர் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், கடைவீதிகளை மட்டும் கண்டு திரும்பிவிடாதீர்கள். நார்த் பிரிட்ஜ் சாலைக்குச் செல்லுங்கள். 1932-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்திற்கு எதிரே, 1908 முதல் நடைபெற்றுவரும் ஸம்ஸம் உணவகத்தைக் காண்பீர்கள். இறைச்சியும் முட்டையும் வெங்காயமும் பொதிந்த முர்தபா கல்லில் வேகும் மணம் உங்களை உள்ளே இழுத்துவிடும். அமர்ந்தபின் சற்றுச் சுற்றிலும் பாருங்கள். நாட்டு மக்களின் கையில் காசு புழங்குகிறதா இல்லையா என்பதை இத்தகைய மேசைகள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

காரணம் எளிது. வீட்டு வாடகையை ஒத்திப்போட இயலாது, மின்கட்டணமும் அப்படியே. குடும்பத்தோடு வெளியில் சென்று உண்பதையோ அடுத்த மாதத்திற்குத் தள்ளி வைக்கலாம். வருவாய் குறையுமோ என்ற அச்சம் மனத்தில் புகுந்தவுடன் முதலில் காலியாவது உணவக நாற்காலிகளே. ஆகவேதான் சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை, சில்லறை வணிகக் குறியீட்டோடு உணவு, பானச் சேவைக் குறியீட்டையும் மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது. மாதத்திற்குச் சுமார் 100 கோடி வெள்ளி புரளும் தொழில் இது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை கொரோனாக் கட்டுப்பாட்டால் உணவகங்களில் அமர்ந்து உண்ணத் தடை இருந்தபோது, இவ்விற்பனை முந்தைய ஆண்டின் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது.

எனினும், விற்பனை உயர்ந்தது என்ற செய்தியைக் கண்டவுடன் மக்கள் செழித்துவிட்டனர் என்று எண்ணிவிடாதீர்கள். பொருள் சேவை வரி 2023-இல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024-இல் 9 ஆகவும் ஏறியது. அதே தட்டு, அதே பரோட்டா; கட்டணம் மட்டும் கூடுதல்! இதனால்தான் அத்துறை, நடப்பு விலையில் ஒன்றும், விலையேற்றத்தை நீக்கி மற்றொன்றுமாக இரு கணக்குகளைத் தருகிறது. மக்களின் நிலையை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது இரண்டாவதையே.

அதிலும் மொத்தத் தொகை ஏமாற்றும். 2023-இன் தொடக்கத்தில் விமானங்களுக்கும் விருந்து நிகழ்ச்சிகளுக்கும் உணவு சமைத்து அனுப்புவோரின் விற்பனை பெரிதும் பெருகியது. அது குடும்பங்கள் மேசையில் அமர்ந்து உண்டதால் வந்த பெருக்கமன்று. உணவகம், துரித உணவுக் கடை, உணவங்காடி என்று வகை வகையாகப் பிரித்துப் பார்த்தால்தான் மக்கள் ஒரு படி கீழிறங்கி உண்கிறார்களா என்பது புலப்படும்.

கணக்கில் சிக்காத செலவும் உண்டு. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, வார இறுதியில் பாலம் கடந்து ஜொகூர் பாருவில் உண்டு வருவோர் எத்தனையோ பேர்! அவர்கள் செலவைக் குறைக்கவில்லை, இடத்தைத்தான் மாற்றினர். மறுபுறம், 2024 ஜனவரியில் அரசு ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்திற்கும் 500 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டுகள் வழங்கியது. அதில் பாதியை உணவங்காடிகளிலும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளிலும் செலவிட முடிந்தது. அங்கே கூடும் விற்பனை முழுவதும் மக்களின் சொந்தப் பையிலிருந்து வந்ததென்று எப்படிச் சொல்வது?

நோன்பு மாதமும் கணக்கை அசைக்கும். ஆண்டுதோறும் அது ஏறத்தாழ 11 நாட்கள் முன்னகர்கிறது. சீனப் புத்தாண்டோ ஜனவரியிலும் வரும், பிப்ரவரியிலும் வரும். ஒரு மாதத்தை மட்டும் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது.

முட்டையோ வெங்காயமோ சேராத வெறும் பரோட்டாவை அங்கே ‘கோசோங்’ என்பர். கல்லாவில் நம்மூர்க்காரர் எவரேனும் அமர்ந்திருந்தால், ‘வியாபாரம் எப்படி?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எந்நாளும் ஒரே விடைதான். ‘இந்த மாதம் முர்தபா அதிகம் போகிறதா, கோசோங் அதிகம் போகிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள்.