1992: அறுபது நிமிஷத்துக்கு மேல இடமில்லை

ஒரு வருஷத்தோட சிறந்த பாட்டு எதுன்னு யார் கேட்டாலும் எனக்கு 1992 தான் முதல்ல ஞாபகத்துக்கு வரும். உடனே நம்ம மக்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிப்பாங்க. "ரோஜா வந்த வருஷம்ப்பா, அதோட பேச்சு முடிஞ்சது"ன்னு ஒரு கோஷ்டி. "தேவர் மகனும் அதே வருஷம்தான்யா"ன்னு இன்னொரு கோஷ்டி. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பஞ்சாயத்து இன்னும் முடியல.

சரி, நம்ம பங்குக்கு ஒரு லிஸ்ட் போடுவோம். விதிமுறை பழைய ரெக்கார்டிங் சென்டர் விதிமுறைதான். அறுபது நிமிஷ கேசட். பக்கத்துக்கு அஞ்சு பாட்டு. ஆசைப்பட்டு ஆறாவதா ஒண்ணு எழுதிக் கொடுத்தா, பாதி சரணத்துல டேப் முடிஞ்சு 'டக்'குனு நிக்கும். ஒரு படத்துக்கு அதிகபட்சம் ரெண்டு பாட்டு. இல்லாட்டி ரோஜாவே ஒரு பக்கத்தை முழுங்கிடும்.

ஏ பக்கம்:

1. சின்னச் சின்ன ஆசை (ரோஜா): இதை விட்டுட்டு லிஸ்ட் போட்டா வீட்டுலயே அடி விழும் :-) ஏ.ஆர்.ரஹ்மானுக்கு முதல் படம். வைரமுத்துவுக்கு இந்தப் பாட்டுக்காக தேசிய விருது. பாடியவர் மின்மினி. இந்தப் பேரை ஞாபகத்துல வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

2. அம்மா என்றழைக்காத (மன்னன்): வாலி, இளையராஜா, ஜேசுதாஸ். கல்யாணி ராகத்தை இவ்வளவு எளிமையா வீட்டுக்குள்ள கொண்டுவந்து உட்கார வைக்க ராஜாவால தான் முடியும்.

3. ஓ பட்டர்ஃப்ளை (மீரா): பி.சி.ஸ்ரீராம் இயக்கிய படம், விக்ரம் ஹீரோ. படம் பார்த்தவங்களை விட இந்தப் பாட்டைக் கேட்டவங்கதான் ஜாஸ்தியா இருப்பாங்க. எஸ்.பி.பி.யோட ஆஷா போஸ்லே. பல்லவி முடியறதுக்குள்ள மனசு லேசாயிடும்.

4. வந்தேண்டா பால்காரன் (அண்ணாமலை): இது என்ன இங்கேன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. தேவா ரஜினிக்கு இசையமைத்த முதல் படம் இது. 'சூப்பர் ஸ்டார்'னு ஒவ்வொரு எழுத்தா திரையில் வரும்போது அடிக்குமே ஒரு இசை, அதுவும் இந்தப் படத்துல ஆரம்பிச்சதுதான். தியேட்டரே ஆடின பாட்டுக்கும் வருஷக் கணக்குல ஒரு இடம் உண்டு.

5. என்னைத் தொட்டு அள்ளிக்கொண்ட (உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன்): ஸ்வர்ணலதா. அந்தக் குரல்ல ஒரு சோகம் எப்பவும் அடியில ஓடிக்கிட்டே இருக்கும், சந்தோஷமான பாட்டிலும். 2010-ல் போயிட்டாங்க. கூடப் பாடிய எஸ்.பி.பி. 2020-ல். இப்ப இதைக் கேட்டா வேற மாதிரி இருக்கு.

பி பக்கம்:

6. இஞ்சி இடுப்பழகி (தேவர் மகன்): புருஷன் பாடச் சொன்னதும் ரேவதி வெக்கப்பட்டு, தயங்கித் தயங்கிப் பாடுவாங்களே, அந்தத் தயக்கம் முழுக்க ஜானகியம்மா குரல்ல இருக்கு. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவங்களுக்கு. கமலோட குரலும் உண்டு. சின்னதா ஒரு இடத்துல மின்மினியும் வர்றாங்க.

7. சின்னச் சின்னத் தூறல் என்ன (செந்தமிழ்ப் பாட்டு): எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம். ரஹ்மான் வந்த அதே வருஷத்துல ரெண்டு மூத்தவங்க ஒரே ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. இதை யாருமே பேசறதில்ல.

8. சாமிகிட்டச் சொல்லிவச்சு (ஆவாரம்பூ): எஸ்.பி.பி., ஜானகி. இயக்கம் பரதன். தேவர் மகனை இயக்கினதும் இவரேதான், அதுவும் இதே வருஷத்துல. சில பேருக்கு வருஷம் அப்படி அமையுது!

9. புது வெள்ளை மழை (ரோஜா): புது சத்தம் புது சத்தம்னு கொண்டாடினோம். ஆனா பாடின உன்னி மேனன், 1985-லேயே 'ஒரு கைதியின் டைரி'யில் ராஜாவுக்குப் பாடியவர். சுஜாதாவும் ரொம்ப முன்னாடியே ராஜாவுக்குப் பாடினவங்க. குரல் பழசு, அதைச் சுத்தி இருந்த காத்து மட்டும்தான் புதுசு.

10. மாசறு பொன்னே (தேவர் மகன்): மாயாமாளவகௌளை. ஸ்வர்ணலதாவோட மின்மினி.

கேசட்டுக்கு வெளியே நிறுத்தின ஒரு பாட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். போற்றிப் பாடடி. தாளமும் மெட்டும் பிரமாதம், மறுக்கல. ஆனா அந்தப் பாட்டு படத்தை விட்டு வெளியே வந்து, தெருவுல மைக் செட் கட்டி சாதிப் பெருமைக்கு ஒலிச்ச பாட்டாவும் ஆச்சு. அந்தச் சத்தம் யாருக்குக் கொண்டாட்டம், யாருக்கு அடிவயித்துல கலக்கம்னு யோசிச்சா கை தானா அடுத்த பாட்டுக்குப் போயிடுது. தேவர் மகன்ல இசக்கியா வந்த வடிவேலுவை, மாரி செல்வராஜ் 2023-ல் 'மாமன்னன்' ஆக்கினார். வடிவேலு அதுல பாடவும் செஞ்சார். இசை யாரு? ரஹ்மான். முப்பத்தோரு வருஷம் கழிச்சு ஒரு பாட்டுக்கு இன்னொரு பாட்டு பதில் சொல்லுது. நல்ல பாட்டுன்னா என்னன்னு முடிவு பண்றதுல காது மட்டும் போதாதுங்கிறது என் கட்சி.

இப்ப அந்தப் பஞ்சாயத்து. 1992-ம் வருஷப் படங்களுக்கான தேசிய விருதுக் குழுவுக்குத் தலைவர் பாலு மகேந்திரா. இசைக்கு ரோஜாவும் தேவர் மகனும் சரிசமமா ஓட்டு வாங்கி நிக்குது. தலைவர் ஓட்டுதான் முடிவு. 1980-ல் வந்த 'மூடுபனி'யிலிருந்து தன் படங்களுக்கு இளையராஜாவை விட்டு வேற யார்கிட்டயும் போகாத மனுஷன் அவர். ஓட்டு ரஹ்மானுக்குப் போட்டார். முதல் படத்துலயே இவ்வளவு பண்ணின பையனை ஊக்கப்படுத்தணும்னு நினைச்சாராம். தனக்கு வேண்டியவர் ஒருத்தர், தீர்ப்பு சொல்ல வேண்டியது இன்னொருத்தருக்குன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் அது வரமாட்டேங்குது.

இன்னொரு தடவை லிஸ்டை மேலேருந்து கீழ வரைக்கும் பாருங்க. ஒண்ணு, ஆறு, பத்து. மூணுலயும் மின்மினி. 'மீரா' படத்துல அறிமுகப்படுத்தி, மின்மினின்னு பேரும் வச்சவர் இளையராஜா. அந்தக் குரலை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது ரஹ்மான். ராஜாவா ரஹ்மானான்னு நாம சட்டையைப் பிடிச்சுக்கிட்டிருந்த அதே வருஷத்துல, ரெண்டு பேர் மைக் முன்னாடியும் நின்னு பாடிட்டுப் போனது ஒரே பொண்ணு. அடுத்த சில வருஷத்துக்குள்ள குரல் பாதிக்கப்பட்டு பாடறதையே நிறுத்த வேண்டியதாச்சு. பல வருஷம் கழிச்சுதான் மலையாளத்துல மறுபடி பாடினாங்க. நம்ம சண்டையில அவங்க பேரு ஒரு தடவையாவது வந்திருக்கா?

அதனால 1992-க்கு என்னோட முதலிடம் ராஜாவுக்கும் இல்ல, ரஹ்மானுக்கும் இல்ல. மின்மினிக்கு. ஆட்சேபணை இருக்கறவங்க ஆளுக்கொரு அறுபது நிமிஷக் கேசட்டோட வரலாம். விதிமுறை அதேதான், பக்கத்துக்கு அஞ்சு!