தாழும் மிதி

அத்தானின் எம்.ஜி.பி. கார் 1967இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் பிறந்தது. அவ்வாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் அவருடன் அதில் சென்றபோது, சிவப்பு விளக்கின் முன் நின்றிருந்தோம். அவர் பாதத்தின் கீழ் பிரேக் மிதி, கீழிருந்து யாரோ இழுப்பதுபோல் மெல்லத் தாழ்ந்து தரையைத் தொட்டது. வண்டி நகர்ந்தது. கைப்பிரேக் காப்பாற்றியது.

இவ்வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் பிழைத்தால் நான்கும் போயின. கைப்பிரேக் மட்டும் தனிக் கம்பிவடத்தால் பின்சக்கரங்களைப் பிடிப்பது. மறுநாள் மருமகளை இதில் அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தோம்.

"காற்றுப் புகுந்திருக்கும்" என்றார் அத்தான். எமக்கு ஐயம். காற்றிருந்தால் மிதி பஞ்சுபோல் மெத்தென்று எதிர்க்கும். பின்சக்கர டிரம்மில் இடைவெளி மிகுந்திருந்தால் முதல் மிதியில் ஆழப்போய், இரண்டாம் மிதியில் உயர்ந்து நிற்கும். இதுவோ ஓங்கி மிதித்தால் கல்லாக நின்றது. மென்மையாக அழுத்திவைத்தால் மட்டும் நழுவியது. எனினும் அத்தான் மூத்தவர். அவர் சொற்படி இருமுறை காற்றை வெளியேற்றினோம். மாலைப்பொழுது கழிந்ததே மிச்சம்.

பின்னர் கசிவைத் தேடினோம். (ஒழுகுதல் என்னும் சொல் தமிழில் கசிவதையும் நடந்துகொள்வதையும் ஒருங்கே குறிப்பது, அன்று அதை அத்தானிடம் சொல்லத் துணிவில்லை.) நான்கு சக்கரங்களும் உலர்ந்திருந்தன. மிதியருகே விரிப்பும் ஈரமில்லை. கலத்தில் எண்ணெய் குறையவுமில்லை. முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக உள்ள மூன்று ரப்பர்க் குழாய்களையும் மழுங்கிய வாயுள்ள இடுக்கிகளால் இறுக்கிவிட்டு மிதித்தோம். சக்கரங்களில் குற்றமிருந்தால் இப்போது மிதி உறுதியாக நின்றிருக்க வேண்டும். அப்போதும் அது தாழ்ந்தது.

ஆகவே குற்றம் மாஸ்டர் சிலிண்டருக்குள். கழற்றிப் பார்த்தோம். பிஸ்டனின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. மெல்ல அழுத்துகையில் எண்ணெய் அதன் ஓரமாய் நழுவிக் கலத்துக்கே திரும்பியிருக்கிறது. ஓங்கி மிதிக்கையில் வளையம் விரிந்து அடைத்திருக்கிறது. வளையத்தை மட்டும் மாற்றலாமென்றார் அத்தான். விளக்கைப் பிடித்து உட்சுவரைக் காட்டினோம்: பிரேக் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் ஈர்த்த ஈரத்தால் துருக்குழிகள். புதிய வளையத்தையும் அவை விரைவில் தின்றுவிடும். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

புதிய சிலிண்டர் வர நான்கு நாட்களாயின. மருமகள் பேருந்தில் போனாள்.