பிறனும் அடுத்திருப்பவரும்

பெங்களூரு சிவாஜிநகரிலுள்ள தூய மரியன்னைப் பேராலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறுகிறது. செப்டம்பர் 8 அன்று கொண்டாடப்படும் அன்னையின் பிறப்புப் பெருவிழா வரை, தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலிகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. காவியுடை உடுத்தி வருவோருள் பிற சமயத்தாரும் உண்டு. ஒரு மொழியின் வழிபாடு முடிந்து மக்கள் வெளியேறும்போது அடுத்த மொழியினர் உள்ளே செல்லக் காத்து நிற்பர். இந்நகரின் கத்தோலிக்கத் திருச்சபை பல பத்தாண்டுகளாகத் தடுமாறி நிற்பதும் அந்த வாயிற்படியில்தான்.

செஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்களின் சிற்றாலயமாகத் தொடங்கியது இது. காணிக்கை மாதா கோவில் என்பது அதன் பழைய பெயர். 1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்த பின், படைவீரராகவும் பணியாளராகவும் வணிகராகவும் தமிழர் பெருகினர். இன்று காணும் கோதிக் பாணிக் கட்டடம் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. அந்நாளில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. தமிழருக்கும் கன்னடருக்கும் அம்மொழி ஒரே அளவு தொலைவில் இருந்தது. யாருக்கும் உரியதல்லாத மொழிக்காக எவரும் பூசலிடவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மக்கள்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்தது. பெரும்பாலான ஊர்களில் அது மகிழ்ச்சியாக முடிந்த செய்தி. பெங்களூரிலோ, எந்த மக்களின் மொழி என்னும் வினாவாக உருவெடுத்தது. தாய்மொழி இறைவனை நெருங்கச் செய்தது. அடுத்த இருக்கையில் இருந்தவரைத் தொலைவாக்கியது.

இரு தரப்பாரின் வருத்தத்திலும் உண்மை இருந்தது. தம் மாநிலத் தலைநகரிலேயே, தம் மறைமாவட்டத்திலேயே தம் மொழி பின்வரிசையில் நிற்பதாகக் கன்னடக் கத்தோலிக்கர் உணர்ந்தனர். தலைமுறைகளாகத் தாம் எழுப்பிக் காத்த ஆலயங்களில் தம் மொழி குறைக்கப்படுவதாகத் தமிழர் உணர்ந்தனர். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டித் தமிழர்மீது நிகழ்ந்த வன்முறை இரண்டாம் உணர்வோடு அச்சத்தையும் சேர்த்தது.

2013 ஏப்ரல் 1 காலையில், உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள், மல்லேஸ்வரத்திலுள்ள தூய பேதுரு குருமடத்தின் அதிபர் கே. ஜே. தாமஸ் அடிகள் கொலையுண்டு கிடந்தார். காவல்துறையின் விசாரணை அக்கொலையை மொழிவழிப் பூசலோடு தொடர்புபடுத்தியது. மறு ஆண்டு கைதானவர்களுள் குருக்களும் இருந்தனர். அன்பைப் போதிக்க ஆள் உருவாக்கும் இல்லத்திலேயே அன்பு தோற்ற நாள் அது.

தோற்றது எந்த அன்பு என்பதைச் சொற்கள் காட்டக்கூடும். தன்னைப்போல் நேசிக்கும்படி இயேசு பணித்த அந்த மற்றொருவரைச் சீர்திருத்த சபையாரின் பழைய தமிழ் வேதாகமம் ‘பிறன்’ என்கிறது. கத்தோலிக்கர் பயிலும் பிற்கால மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்கிறது. கன்னடத்தில் அவர் ‘நெரெயவ’. ‘நெரெ’ என்றால் அண்டை. முதற்சொல் வேற்றுமையைக் குறிக்கிறது; ஏனைய இரண்டும் அண்மையைக் குறிக்கின்றன. ஒரே ஆளிடம் இரண்டும் ஒருசேர இருப்பதுதான் கட்டளையின் கடினம். தொலைவிலிருக்கும் பிறனை நேசிப்பது எளிது, அவரால் இடையூறில்லை. தன்னைப் போன்ற அண்டையரை நேசிப்பதும் எளிது. அடுத்திருப்பவரே பிறனாகவும் இருக்கும்போதுதான் அன்பு சோதனைக்கு உள்ளாகிறது.

மொழி ஒன்றாயின் பூசல் தீர்ந்துவிடும் என்பதற்கும் சான்றில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே மொழி பேசிய, ஒரே திருப்பலி கண்ட தமிழ்க் கத்தோலிக்கர், சாதியின்பொருட்டு ஆலயத்துக்குள் சுவரால் பிரிக்கப்பட்டிருந்தனர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. மனிதர் பிரிய விரும்பினால் காரணத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்திருப்பவர் யார் என்று கேட்டவருக்கு இயேசு ஒரு சமாரியரின் கதையைச் சொன்னார். யூதருக்கும் சமாரியருக்கும் இடையே இருந்த பெரும் பிணக்குகளுள் ஒன்று வழிபாட்டைப் பற்றியதே: எருசலேமா, கெரிசிம் மலையா என்பது. வழியோரம் அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தைக் கட்டிய சமாரியர் தம் மலையை விட்டுக்கொடுத்ததாகக் கதை கூறவில்லை. காயமுற்றவரும் தம் நகரை விட்டுக்கொடுக்கவில்லை. வழக்குத் தீராமலே எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கப்பட்டன. சாவடிக்காரருக்குப் பணமும் கொடுக்கப்பட்டது. கிறித்தவம் கேட்கும் அன்பு உடன்பாட்டின் விளைவன்று. உடன்பாட்டுக்காகக் காத்திருப்பதும் அன்று.

எந்த ஆலயத்தில் எந்த மொழிக்கு எத்தனை திருப்பலி என்பது நேர்மையாகப் பேசி முடிக்க வேண்டிய வழக்கு. அதில் தமிழர் தமிழுக்காகவும் கன்னடர் கன்னடத்துக்காகவும் வாதிடுவது பாவமன்று. ஆயினும் அவ்வழக்கு முடியும்வரை தள்ளிவைக்கக் கூடாத சில உண்டு. அடுத்த மொழியினரின் திருப்பலி தொடங்குமுன் இருக்கையை ஒழித்துத் தருவது, அவர் வீட்டு இறப்புக்குச் செல்வது, அவர் அஞ்சும் நாளில் கதவைத் திறந்து வைப்பது ஆகியவை அவை. இவற்றைச் செய்ய எந்த மொழியும் தடையன்று.

வரும் செப்டம்பரிலும் சிவாஜிநகரில் ஒரு கூட்டம் வெளியே வரும், மற்றொன்று உள்ளே செல்லும். வெளியே வருவோர் சற்று ஒதுங்கி வழிவிட்டாலே போதும். உள்ளே கேட்ட மறையுரையின் பாதி அங்கே நிறைவேறிவிடும்.